சுழியின் பால்

நோய் வந்த வீட்டில் மருந்தைவிட அவசரமாகத் தேடப்படுவது ஒன்று உண்டு. பழியை யார் தலையில் கட்டலாம் என்பதுதான் அது.

பாப்பாவின் புகுந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பாப்பா என்றால் சின்னப் பெண் இல்லை. வயது முப்பத்தைந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அப்பா வைத்த செல்லப்பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அவளுடைய ஒரே மகள் மொட்டு, ஏழு வயதுக்காரி. திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துடைப்பக்குச்சியாக இளைத்தாள், பள்ளிக்கூடப் படிக்கட்டில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற ரகமில்லை, பிள்ளைகளைப் பிடிக்கிற ரகம். மூன்று வேளையும் ஊசி, ஆயுசு முழுக்க.

"எங்க பக்கம் யாருக்கும் இந்த வியாதி கிடையாது" என்று அன்றைக்கே ஆரம்பித்தாள் நாத்தனார். "தாய்ப்பாலைச் சீக்கிரமா நிறுத்தாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?"

நாத்தனார் பொல்லாதவள் இல்லை. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணமே வேண்டாமென்று தம்பி குடும்பத்தோடு தங்கியவள், மொட்டின் மேல் உயிரை வைத்திருப்பவள். ஆனால் அவள் வாய்க்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. மாதக்கணக்கில் அந்தத் தாய்ப்பால் கதை சுவருக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் செல்போனில் ஒரு பேச்சு வந்தது. பசும்பாலில் இருக்கிற ஒரு புரதத்தில் இரண்டு ரகம் இருக்கிறதாம். ஏ ஒன், ஏ டூ. ஏ ஒன் பால் குடிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சர்க்கரை நோய் வருகிறதாம். கலப்பின மாடுகளில் பாதிக்கு மேல் அந்த விஷம்தானாம்.

நாத்தனார் அதைச் சத்தமாக ஓடவிட்டபோது, பாப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து விழுந்தது. "எங்கப்பா கொண்டு வர பால்தான் அண்ணி. அதாலதான் வந்திருக்கும்."

அவ்வளவுதான். வீட்டில் காற்று மாறியது. தாய்ப்பால் பேச்சு நின்றது. "உன்னைப் போய்ச் சொன்னேனே" என்று நாத்தனார் அவள் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள். விஷயம் அப்பாவின் காதுக்குப் போனது. ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்று, "அப்படியா பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளே அப்பா தன் பண்ணையில் இருந்த ஒவ்வொரு மாட்டின் வாலிலிருந்தும் ரோமம் பிடுங்கி, எந்த ரகம் என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த மறுநாள் காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உடனே வா. லாரி வந்து நிக்குது. அப்பா மாடெல்லாம் ஏத்தறாரு."

"எந்த லாரி?"

"எந்த லாரின்னு உனக்குத் தெரியாதா?" தம்பியின் குரல் உடைந்தது. "கறிக்குப் போற லாரி."

கணவன் பார்சல் வண்டியை எடுத்துக்கொண்டு விடியுமுன்பே போயிருந்தான். மொட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் அவளுடைய ஊசியையும் நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, போட்டிருந்த உடையோடு பஸ்ஸுக்கு ஓடினாள் பாப்பா.

*

பண்ணை வாசலில் முதலில் கண்ணில் பட்டது வாய்க்கால்தான். வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஈக்கள், புளித்த நாற்றம்.

"முடிவு வர வரைக்கும் ஒரு சொட்டு வெளிய போகக்கூடாதுன்னுட்டாரு" என்றான் தம்பி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கறக்கறதும் ஊத்தறதும்தான் வேலை. பால் எடுக்க வர வண்டிக்காரன், உங்கப்பாவுக்குப் புத்தி கலங்கிடுச்சான்னு என்கிட்டயே கேக்கறான்."

"சோதனையில என்ன வந்துச்சு?"

"ஒன்பதுல ஒண்ணுதான் சுத்தம். அது எது தெரியுமா? மூலையில நிக்கற கிழடு. கறவை வத்தி ரெண்டு வருஷமாச்சு." தம்பி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மிச்சம் எட்டுலயும் அந்த ஏ ஒன் இருக்காம். சிலதுல முழுசா, சிலதுல பாதி. அவருக்கு முழுசும் ஒண்ணுதான், பாதியும் ஒண்ணுதான்."

"எங்கடா மாடெல்லாம்?"

"அஞ்சு முதல் நடையிலயே போயிடுச்சு. லாரி திரும்பி வந்து நிக்குது. கிழடு போக உள்ள இன்னும் மூணு இருக்கு."

"சுழி?"

தம்பி வாய்க்காலைப் பார்த்தான். "முதல்ல ஏத்தினதே அதைத்தான்."

நெற்றியில் வெள்ளைச் சுழியோடு பிறந்த கருத்த பசு அது. பால் கெட்டியாக இருக்கும். மொட்டு தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து, சுழியின் பாலைத் தனித் தூக்கில் கறந்து, மழையானாலும் பனியானாலும் முதல் பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார் அப்பா. உட்காரக்கூட மாட்டார். பேத்தி குடித்து முடித்ததும் உதட்டில் ஒட்டிய நுரையைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

கொட்டிலுக்குள் அவர் மிச்சமிருந்த மூன்று மாடுகளுக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொல்ல அனுப்பப் போகிற மாட்டுக்குத் தாகம் தீர்க்கிற மனுஷர்.

"வந்துட்டியா? பிள்ளைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காப்பா. லாரியைத் திருப்பி அனுப்புங்க."

"நீ உள்ள போய் உக்காரு. இதையெல்லாம் பாக்க வேண்டாம்."

"வேண்டாம்னா கறவைக்கு யாருக்காவது குடுத்திருக்கலாமேப்பா. போயும் போயும் கறிக்கா?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார் அப்பா. "கறவைக்குக் குடுத்தா இன்னொருத்தன் கறப்பான். இன்னொரு வீட்டுப் பிள்ளை குடிக்கும். நம்ம வீட்டுக்கு வந்தது பத்தாதா?"

இப்படி ஒரு கணக்கு அவர் மனதில் ஓடும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"அப்பா, டாக்டர் அப்படிச் சொல்லல."

"எந்த டாக்டர்?"

"மொட்டைப் பாக்கற டாக்டர். தாய்ப்பாலை நிறுத்திப் பசும்பால் குடுத்ததாலயான்னு நான் அப்பவே கேட்டேன். அப்படி ஒரு சந்தேகம் ரொம்ப வருஷமா இருக்கு, ஆராய்ஞ்சும் பாத்திருக்காங்க, ஆனா பசும்பாலாலதான் வருதுன்னு நிரூபணம் ஆகலன்னாரு. உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தியே, சர்க்கரையை அடக்கற சுரப்பியை அடிச்சுப்போட்டுடுதாம். ஏன் அப்படி ஆகுதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதாம். நாங்க குடுத்தது, குடுக்காதது எதையும் நினைச்சுக் குமைய வேண்டாம்னாரு."

அப்பா மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது.

"எனக்கு ஆறுதல் சொல்றியா?"

"ஆறுதல் இல்லப்பா. நிஜம்."

"நிஜம்னா அன்னைக்கே சொல்லியிருப்பியே. உன் எதிர்ல நின்னுதானே கேட்டேன்? நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. பாவம், பெத்த அப்பனைக் காட்டிக்குடுக்கப் பிள்ளைக்கு மனசு வரலன்னு நினைச்சுக்கிட்டேன்." கயிற்றை எடுத்துக்கொண்டு முதல் மாட்டின் பக்கம் போனார். "போ பாப்பா. டிரைவர் காத்துக்கிட்டிருக்காரு."

உண்மைக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் சொல்லாமல் விட்டால், பிறகு அது சமாதானப் பேச்சு மாதிரித்தான் கேட்கும். மீதியையும் சொன்னால் தவிர அவர் நம்ப மாட்டார் என்று பாப்பாவுக்குப் புரிந்தது. அந்த மீதி, அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாதது.

போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டிக்குடுத்ததே நான்தாம்ப்பா."

"என்ன சொல்ற?"

"அந்த வீட்ல தினமும் என்னைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. என் ரத்தம் சரியில்ல, நான் பால் குடுத்தது சரியில்லன்னு. காதுல அதைத் தவிர வேற எதுவும் விழாத மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் இந்தப் பேச்சு வந்துச்சு. உங்க பால்தான்னு நான் வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் இல்லைன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். உங்க மேல போனா என் மேல வராதேன்னு."

அப்பாவின் கை கயிற்றிலிருந்து நழுவியது.

வாசலில் நின்றிருந்த தம்பி உள்ளே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயா அக்கா? நான் உன் நாத்தனாரைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். அங்க அவங்ககிட்ட ஒண்ணு, இங்க அப்பாகிட்ட ஒண்ணு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!"

"விடுடா" என்றார் அப்பா. "முதல்ல லாரிக்காரர்கிட்ட சொல்லு. போனதைத் திருப்ப முடியுமான்னு கேளு."

லாரி டிரைவர் தொந்தி பெருத்த, சாதுவான மனிதர். கதையைக் கேட்டதும் வண்டியிலிருந்து இறங்கி, ஒதுங்கி நின்று போன் போட்டார். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நெத்தியில வெள்ளைச் சுழி... ஆமா, கறுப்பு... மத்த நாலும்தான்." நெடுநேரம் காதில் வைத்திருந்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "காலையில கூட்டம் கம்மியாம். போனதும் போனதுமா அறுப்புக்கு எடுத்துட்டாங்களாம்."

தம்பி கொட்டில் சுவரில் ஓங்கிக் குத்தினான். கை வீங்கிப்போயிற்று.

அப்பா கத்தவில்லை. சாணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். லாரி வெறுமனே திரும்பிப் போகிற சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

"அப்போ பிள்ளைக்கு எதனால வந்துச்சு?"

"தெரியலப்பா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும்தான்."

"மாட்டாலன்னு நினைச்சப்ப மாட்டை அனுப்பலாம்னு தோணுச்சு. ஏதோ செஞ்ச மாதிரி இருந்துச்சு. ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்." கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "எதனாலயும் இல்லன்னா நான் என்ன செய்யறது, சொல்லு?"

பாப்பா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் தலையில் கை வைக்கவில்லை. தள்ளவும் இல்லை.

பால் தேங்கி மடி கட்டிய மாடு ஒன்று வலி தாங்காமல் கத்தியது. அப்பா எழுந்துபோய் கறக்க உட்கார்ந்தார். வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தவர், எங்கே கொண்டு போவதென்று தெரியாமல் நின்றார். தம்பிதான் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

"அந்த வீட்ல இதைச் சொல்லிட்டியா?" என்று கேட்டார் அப்பா, அவள் கிளம்பும்போது.

"இன்னும் இல்ல."

அவள் பஸ் ஏறும்வரை அப்பா நின்றிருந்தார். தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலமாகியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பாப்பா, கதவு திறந்ததும் அத்தனையையும் மறந்தாள்.

மொட்டு சோபாவில் துவண்டு கிடந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. நாத்தனார் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்திலிருந்து வாந்திம்மா. ஏதோ ஒத்துக்கல போல இருக்கு. மத்தபடி காய்ச்சல் இல்ல."

பாப்பா குனிந்தாள். குழந்தையின் மூச்சில் அழுகிய பழம்போல ஒரு வாசனை. மொட்டு கண்ணைப் பாதி திறந்து, "தண்ணி" என்றாள்.

மொட்டின் விரலில் குத்தி, ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கிற கருவியில் வைத்தாள். வழக்கமாக எண் வரும். இன்றைக்கு எண் வரவில்லை. அளவுக்கு மீறிப்போனால் காட்டுகிற இரண்டு எழுத்து மட்டும் மின்னியது.

"அண்ணி, காலையில ஊசி போட்டீங்களா?"

நாத்தனார் விசிறியை நிறுத்தினாள்.

"அண்ணி!"

"போடல" என்றாள் நாத்தனார். குரலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது. "புதுசா வாங்கறோமே அந்த ஏ டூ பால், அதை ரெண்டு வேளையும் குடுத்தேன். பிள்ளை ஊசியைப் பாத்தாலே துடிக்குது. ஒருநாள் விட்டுப் பாப்போம்னு..."

கணவனின் பார்சல் வண்டி அப்போதுதான் வாசலில் வந்து நின்றது. வண்டியை அணைக்கவிடவில்லை பாப்பா. பெட்டிகள் பின்னால் அப்படியே இருக்க, முன் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குழந்தை பாப்பாவின் மடியில். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள்.

விஷயம் தெரிந்ததும் கணவன் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான். "ஏன்க்கா?"

அதுவரை அடக்கிவைத்திருந்த நாத்தனார் உடைந்து அழுதாள். பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நீதானேம்மா சொன்ன, பாலாலதான் வந்துச்சுன்னு? பாலால வந்தது பாலை மாத்தினாப் போகாதா? நான் வேற என்னத்தை நினைப்பேன்?"

அதில் ஒரு பிசகும் இல்லை. பாப்பா சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாதிக் கொட்டிலைக் காலி செய்தார், ஒருத்தி ஊசியை நிறுத்தினாள். இரண்டு பேருமே பிள்ளை நல்லா இருக்க வேண்டுமென்றுதான் செய்தார்கள்.

"ஆமா அண்ணி. நான்தான் சொன்னேன். அது நிஜமில்ல. அப்படி நிரூபணம் ஆகலன்னு டாக்டர் என்கிட்ட சொல்லியிருந்தாரு. எந்தப் பால் குடிச்சாலும் ஊசியை நிறுத்தக்கூடாதுன்னும் சொன்னாரு. உங்க பேச்சுக்குப் பயந்து அப்பா மேல போட்டேன்."

கணவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "டாக்டர் எப்ப சொன்னாரு?"

"சேர்த்த முதல் வாரமே."

"முதல் வாரமே" என்று திருப்பிச் சொன்னான். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தான்.

மடியில் மொட்டு ஆழ ஆழமாக, ஓடிவந்தவள்போல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே தள்ளுகட்டிலோடு நின்றார்கள். குழந்தையைக் கிடத்தி ஓட்டமாய்த் தள்ளிக்கொண்டு போகும்போது, நர்ஸ் கூடவே ஓடியபடி கேட்டாள்.

"கடைசியா ஊசி போட்டது எப்ப?"

பாப்பா நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். தன் மேல் பழி விழப்போகிற ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நேத்து ராத்திரி சிஸ்டர். இன்னைக்குப் போடவே இல்ல. தப்பு என்னோடதுதான், நான்தான்..."

"யார் தப்புன்னு கேக்கல" என்றாள் நர்ஸ். "எப்பன்னு கேட்டேன்."

கட்டில் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் எதிர்ச்சுவர் ஓரமாய்ப் போய் நின்றான். பாப்பா அவனைப் பார்த்தாள். அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.